பெட்டியின் மேல் போட்ட பழி

என் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் புதுச் சாமான் எதுவும் வராது. ஜனங்கள் வாங்கி, பிரித்து, கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து, கோபத்தோடு திருப்பிக் கொடுத்தவைதான் வரும். தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு. மிக்ஸிக்கு ஒரு மேஜை, இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு மேஜை, ஹெட்போனுக்கு ஒரு மேஜை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கடைசி மூலையில், மின்விசிறியின் காற்று எட்டாத இடத்தில், தம்பியின் மேஜை. அவனிடம் வருவது விளையாட்டுப் பெட்டி.

அது உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. டிவியின் பின்னால் செருகினால் வீடியோ கேம் ஆடலாம். ஆனால் ஆட்டம் அந்தப் பெட்டிக்குள் ஓடாது. எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய கணினியில் ஓடும். படம் மட்டும் இணையம் வழியாக வீட்டுக்கு வரும். நாம் பொத்தானை அழுத்தினால் அந்தச் சேதி அங்கே போய், அங்கே பொம்மை குதித்து, குதித்த படம் இங்கே திரும்பி வர வேண்டும். எல்லாம் கண் இமைப்பதற்குள் நடக்கும். நடக்காவிட்டால், பொம்மை பள்ளத்தில் விழுந்த பிறகு குதிக்கும். மாடியில் நின்றுகொண்டு கீழே இருப்பவரிடம் அடுப்பை அணைக்கச் சொல்வது மாதிரி என்று தம்பி எனக்கு விளங்க வைத்தான். கீழே இருப்பவருக்குக் காது மந்தமானால் குழம்பு அடிப்பிடிக்கும்.

“பெட்டி லேட்டு” என்று எழுதித்தான் எல்லோரும் திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இருக்காது. ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், அல்லது ஒரே இணைப்பில் வீடு முழுக்கப் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தம்பி பெட்டியைச் செருகி, பொத்தானை அழுத்தும் தன் விரலும் டிவித் திரையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி செல்போனை நிறுத்தி வீடியோ எடுப்பான். பிறகு அதை மெதுவாக ஓட்டுவான். விரல் எப்போது அழுந்தியது, திரை எப்போது அசைந்தது என்பது தெரிந்துவிடும். பெட்டி நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர், ‘குறை இல்லை’. இல்லாவிட்டால் சிவப்பு, ‘குறை உண்டு’. கீழே கொக்கி மாதிரி ஒரு சின்னக் கையெழுத்து. நான் சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். காஜா விட்டிருக்கிறதா, தையல் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஸ்டிக்கரை மூலை பிசகாமல் ஒட்டும் கை எங்கள் குடும்பத்துக் கை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவன் எங்களோடுதான் இருக்கிறான். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவான். கண் இரண்டும் சிவந்திருக்கும்.

“இன்னைக்கு எத்தனை பெட்டிடா?”

“எண்ணலக்கா. எண்ணினா அழுகை வந்துடும்.”

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். அவருக்கு இது நன்றாகப் புரியும். “தண்ணி வரலன்னா குழாயைத்தான் திட்டுவாங்க மாப்ள. டேங்க்ல தண்ணி இருக்கான்னு எவனும் ஏறிப் பாக்க மாட்டான்” என்பார்.

கிடங்கில் மேற்பார்வையாளர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏய், மூலை மேஜை” என்பதுதான் அங்கே அவன் பெயர். மரியாதையான பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு ரசிகர் குழுவில் இருந்தது.

மூன்று பேர் சேர்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டே பேசி, அதை இணையத்தில் போடுகிறார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் இல்லை. எதில் இறங்கினாலும் தோற்பார்கள். ரசிகர்கள் அவர்களுக்கு ‘மூணு தோத்தாங்குளி’ என்று பெயர் வைத்து, அவர்களும் அதையே பலகையில் எழுதிப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். வயதில் மூத்தவர் சித்தப்பா. கேமில் வரும் திருடனுக்கும் பூதத்துக்கும் உட்கார வைத்துப் புத்தி சொல்வார். இரண்டாமவர் வக்கீல், தோற்றால் ஒப்புக்கொள்ளாமல் விதியைப் பிடித்து வாதாடுவார். மூன்றாமவர் மௌனி; வாயை மூடவே மாட்டார், அதனால் அந்தப் பெயர்.

நான் துணி மடிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருமுறை மலை உச்சியில் குதிரை ஒன்று நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. சித்தப்பா கொஞ்சமும் கோபப்படாமல், “ராஜா, நீயும் என்னை மாதிரிதான். ஒரு முடிவு எடுக்கச் சொன்னா வேடிக்கை பாக்கிற” என்றார். மடித்த வேட்டி கலைய நான் சிரித்தேன்.

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “இன்றைய தோல்வியை இன்னாருக்குச் சமர்ப்பிக்கிறோம்” என்று ஒரு ரசிகரின் பட்டப்பெயரைச் சொல்வார். அதைக் கேட்க ஏங்கிக் கிடக்கிறவர்கள் ஏராளம். தம்பியின் பெயர் வந்ததே இல்லை. எனக்குத்தான் அதில் குறை. அவன் கேட்க மாட்டான்.

இத்தனைக்கும் ரசிகர் குழுவை நடத்துவதே அவன்தான். எந்த வீடியோவில் எந்த இடத்தில் எந்த நகைச்சுவை என்று வரிசையாகப் போட்டு வைத்திருந்தான். சண்டை வந்தால் விலக்கிவிடுவான். அதனால் அவனுக்கு அங்கே ‘குமாஸ்தா’ என்று பெயர். குழுவில் பலர் இந்தக் கறுப்புப் பெட்டி வாங்கியவர்கள்; அவனுடைய மேஜை வேலையும் அவர்களுக்குத் தெரியும். ஏதாவது சந்தேகம் வந்தால் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். கடைசியில் யாராவது, “குமாஸ்தா சொல்லட்டும்ப்பா” என்பார்கள். அவன் சொன்னால் பேச்சு அத்தோடு முடியும். திரும்பி வந்த பெட்டிகளை மலிவாக மறுபடி விற்பார்கள் இல்லையா, அதில் அவன் கொக்கிக் கையெழுத்து இருக்கிறதா என்று தேடி வாங்குகிறவர்கள் கூட உண்டு.

அவனை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் ‘ரௌட்டர்’. எந்தக் கேள்விக்கும் அவர் பதில் அதுதான். ஒருத்தர் தலைவலி என்று எழுதியபோது கூட, “தலைவரே, முதல்ல ரௌட்டரை ஜன்னல் பக்கம் மாத்துங்க” என்று குரல் செய்தி அனுப்பினவர். நல்ல மனிதர்தான். விட்டுக்கொடுக்க மட்டும் தெரியாது.

மூவரின் பழைய பெரிய மெஷின் புகைந்துபோய், அவர்களும் இந்தக் கறுப்புப் பெட்டிக்கு மாறினார்கள். அதன் பிறகு சித்தப்பாவின் ஆட்டம் படுத்துவிட்டது. தோற்பது வழக்கம்தான், ஆனால் இது வேறு மாதிரி. சின்னப் பள்ளத்தைக் கூடத் தாண்ட முடியவில்லை. “நான் அழுத்திட்டேன்ப்பா. பெட்டிதான் யோசிச்சிக்கிட்டு இருக்கு” என்பார். முதலில் அது நல்ல நகைச்சுவையாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வீடியோவிலும் வந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

குழு கொதித்தது. தம்பி பல் தேய்க்கும்போதும் போன் முனகிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது அவன் குரல் செய்திகளைப் போட்டுவிட, நாங்களும் கேட்போம்.

“கம்பி போட்டு இணைச்சாங்களா, இல்ல காத்துல விட்டாங்களான்னு முதல்ல கேளுங்க” என்றது ஒரு குரல்.

“என்கிட்டயும் அதே பெட்டிதான். எனக்கு நல்லா ஓடுதே?”

“உனக்கு எது ஓடினாலும் நல்லாத்தான் ஓடும். நீ ஆடுறது சீட்டாட்டம்.”

“ரௌட்டர்...” என்று தொடங்கியது அவர் குரல்.

“வந்துட்டாருய்யா!” என்று நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் புரை ஏறியது.

ஆனால் ரௌட்டர் இந்த முறை வேறு விஷயம் சொன்னார். ரசிகர்கள் சேர்ந்து பழைய மாதிரி பெரிய மெஷின் ஒன்று வாங்கி, மூவரும் நேரலையில் ஆடும் நாளில் கொண்டுபோய்க் கொடுப்பது. “எல்லாரும் பாக்கிறப்போ, அந்த நிமிஷமே மாட்டிச் சித்தப்பா கையில கொடுத்து ஆடச் சொல்லுவோம். அப்புறம் தெரியும் அவர் யாருன்னு.” ஆரவாரமாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும். கோளாறு பெட்டியில்தான் என்று குமாஸ்தா பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி எங்கள் டிவியில் சித்தப்பாவின் வீடியோக்களை ஓட்டினான். அவர்கள் திரையின் மூலையில் ஆடுகிறவரின் கைகளையும் காட்டுவார்கள். விரலும் திரையும் ஒரே படத்தில். அவன் மேஜையில் செய்கிற அதே வேலை. மெதுவாக ஓட்டினான். பின்னால் போனான். மறுபடி ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பாவாடையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 

“அக்கா, கொஞ்சம் இங்க பாரேன். அந்தக் கட்டை விரலை மட்டும் பாரு.”

பார்த்தேன். பள்ளம் வருகிறது. விரல் அசையவில்லை. பொம்மை விளிம்புக்கு வருகிறது. அப்போதுதான் விரல் லேசாக நடுங்கி, எங்கிருந்தோ பலம் சேர்த்து அழுந்துகிறது. அழுந்திய அதே நொடியில் பொம்மை குதிக்கிறது. ஆனால் காலுக்குக் கீழே தரை இல்லை.

“பெட்டி சொன்ன உடனே கேக்குதுக்கா” என்றான். வீடியோவை மறுபடி பின்னால் தள்ளினான். “மத்த ரெண்டு பேருக்கும் தெரியும். பாரு, அவர் அழுத்துறதுக்கு முன்னாடியே வக்கீல் சண்டையை ஆரம்பிச்சிடுறாரு. நாம கையைப் பாக்கக் கூடாதுன்னு” என்றான்.

எங்கள் அப்பா பஸ் ஓட்டினவர். கடைசிக் காலத்தில் கிளட்ச் சரியில்லை, கிளட்ச் சரியில்லை என்று பணிமனையில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கழற்றிப் பார்த்தார்கள். தட்டை மாற்றினார்கள். மறுபடி எழுதிக் கொடுத்தார். கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோர் நடுவிலும், “வண்டி ஜோரா இருக்குண்ணே. உங்க காலைத்தான் யாராவது கழட்டிப் பாக்கணும்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. தம்பி அப்போது அதே பணிமனையில் பேட்டரிப் பிரிவில் வேலை பழகிக்கொண்டிருந்தான். அப்பா சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு அவனைப் பார்க்காமல் நடந்து போனதை அவன் பார்த்தான். அன்று வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. அதன் பிறகு பஸ்ஸைப் பற்றியே பேசவில்லை.

எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புது மெஷின் வந்தால், அத்தனை பேர் பார்க்க, சித்தப்பா பள்ளத்தில் விழுவார். அப்போது பழி போடப் பெட்டி இருக்காது. பெட்டியில் குறை இல்லை என்று சொன்னாலும் கதை அதேதான். அப்படியானால் எதில் குறை என்று எல்லோரும் கையைப் பார்ப்பார்கள்.

தம்பி நேராகச் சித்தப்பாவுக்கே ஒரு சேதி அனுப்பினான். விரலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ‘பழைய மாதிரி மெஷின் இருந்தால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்குமா சார்?’ என்று மட்டும் கேட்டான். மறுநாள் சாயங்காலம்தான் பதில் வந்தது. எழுத்தாக இல்லை, குரலாக வந்தது. தட்டச்சு செய்வது கூட அவருக்குச் சிரமமோ என்னவோ.

“வேண்டாம் தம்பி. இந்தப் பெட்டியே நல்ல பெட்டி. எவ்வளவு பழி போட்டாலும் தாங்குது.”

தம்பி அதை இரண்டாம் முறை போடவில்லை. சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டான். நான் டீயைப் பக்கத்தில் வைத்தேன். ஆறிப்போய் ஆடை படிந்தது.

“என்னடா செய்யப் போற?”

“சிவப்பு ஸ்டிக்கர்தான்.”

“பொய்யா?”

“குழுவில மட்டும்க்கா.”

அன்றே எழுதினான். கோளாறு பெட்டியில்தான்; ஒரு குறிப்பிட்ட சமயத்தில் வந்த பெட்டிகள் சிலதில் இப்படி இருக்கிறது, நான் மேஜையில் பார்த்திருக்கிறேன்; கம்பெனி சீக்கிரம் தானாகவே சரி செய்துவிடும், அதனால் மெஷின் வேண்டாம், காத்திருப்போம். அவ்வளவுதான். குமாஸ்தா சொல்லியாகிவிட்டது. ரௌட்டர் முணுமுணுத்தார், ஆனால் கையில் எடுத்த திட்டத்தைக் கீழே வைத்தார்.

தம்பி யோசிக்காத ஒன்று இருந்தது. அவன் வார்த்தைக்கு இருந்த மதிப்பை அவனே சரியாக எடை போடவில்லை. அவன் குறிப்பிட்ட சமயத்தில் வந்த பெட்டியை வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் பெட்டியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள். நேற்று வரை நன்றாக ஆடியவர்களுக்கு இன்று தாமதம் தெரிந்தது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாப் பெட்டியும் லேட்டுதான். ஒருத்தர் பின் ஒருத்தராகத் திருப்பி அனுப்பினார்கள்.

அவையெல்லாம் எங்கே வரும்? மூலை மேஜைக்குத்தான் வரும்.

அந்த வாரங்களில் அவன் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்காது.  சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். தான் கிளப்பிவிட்ட பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாகச் செருகி, அழுத்தி, வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். ‘குறை இல்லை’, ‘குறை இல்லை’, ‘குறை இல்லை’. “மூலை மேஜைக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு குவியுது, உனக்கு ஏதாவது வேண்டுதலா?” என்று மேற்பார்வையாளர் கேட்டாராம்.

“ரெண்டு மூணு பெட்டிக்காவது சிவப்பு ஒட்டி விடேன்டா” என்று என் வீட்டுக்காரர் சொன்னார். “சொன்ன சொல்லுக்குச் சாட்சி ஆச்சு.”

“மேஜையில முடியாது மாமா” என்றான். கோபமில்லை, சோர்வுதான். “அது வேற.”

  தையல் ஓடிய சட்டையைத் தெரிந்தே நல்ல சட்டைகளின் கட்டோடு சேர்க்க எனக்கும் கை வராது.

திரும்பி வந்தவற்றில் ஒன்று ரௌட்டருடையது. சோதித்துப் பார்த்து, குறை இல்லை என்று அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டியின் வயிற்றில் பச்சை ஸ்டிக்கர். கீழே கொக்கி.

அவர் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். குரல் செய்தியும் போட்டார்; குரலில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “குறை உண்டுன்னு நமக்குச் சொன்னவரும் இவர்தான். குறை இல்லன்னு ஒட்டினவரும் இவர்தான். குமாஸ்தா, எது உண்மைன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் உங்களைத்தான் நம்பினேன்.”

மற்றவர்கள் அவ்வளவு பொறுமையாக இல்லை.

“கம்பெனிக்காரன் வாயை அடைச்சிட்டான் போல.”

“நம்ம பெட்டி எல்லாம் இவர் மேஜைக்குப் போகணும்னு திட்டமோ?”

“ஒரு கையெழுத்துக்காகத் தேடித் தேடி வாங்கினேன்யா. நான்தான் பைத்தியம்.”

நான் சும்மா இருக்க முடியாமல் சத்தம் போட்டேன். “சொல்லேன்டா! உன் பேர் போகுதே! இத்தனை வருஷம் சேர்த்து வச்ச பேரு!”

“சொன்னா என்னக்கா ஆகும்? அவர் கைதான் எல்லார் வாயிலயும் கிடக்கும்.”

அன்று சாயங்காலம் அவன் குழுவுக்குக் கடைசியாக எழுதியது ஒரே வரி. ‘தவறு என்னுடையது. இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.’ போனைக் கவிழ்த்து வைத்தான். பல் தேய்க்கும்போது போன் முனகாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அடுத்த வீடியோவை அவன் பார்க்க மாட்டான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வந்து டிவியைப் போட்டான். மூவரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொடங்கும்போதே சித்தப்பா பொத்தான்கள் உள்ள ஆட்டக் கைப்பிடியைத் தூக்கி, கொஞ்சம் பார்த்துவிட்டு, மௌனியின் மடியில் வைத்தார்.

“எனக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒத்துப்போகல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நடந்துச்சு. பிரிஞ்சிடலாம்னு முடிவு. இனிமே இவன் ஆடுவான், நான் பேசுவேன். புத்தி சொல்றதுக்குக் கை வேண்டாம் பாருங்க.”

வக்கீல் மறுபக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். உடனே திரும்பி, இந்த ஒப்பந்தம் செல்லாது என்று வாதாட ஆரம்பித்தார்.

மௌனி ஆடினார். பள்ளம் வந்தது. அவர் தாண்டி முடித்து அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது சித்தப்பா, “இப்போ குதி” என்றார். மௌனி திடுக்கிட்டுக் குதித்து அடுத்த பள்ளத்தில் விழுந்தார். சித்தப்பா கடகடவென்று சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட பழைய சிரிப்பு. திரையின் மூலையில் இப்போது மௌனியின் கைகள்தான் தெரிந்தன. சித்தப்பாவின் கைகள் மேஜைக்குக் கீழே எங்கோ ஓய்வாக இருந்தன.

முடிவில் தொண்டையைச் செருமினார். “இன்றைய தோல்வியைக் குமாஸ்தாவுக்குச் சமர்ப்பிக்கிறோம்.” காரணம் சொல்லவில்லை.

குழுவில் அதற்கு என்ன சொன்னார்கள் என்று நான் என் போனில் பார்த்தேன். ‘பொருத்தமான ஆளுக்குத்தான் தோல்வி’ என்று ஒருத்தர் எழுதியிருந்தார். நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். தம்பியிடம் காட்டலாமா என்று யோசித்துக் காட்டினேன். படித்துவிட்டு அவனும் சிரித்தான்.

“சரியாத்தானே சொல்லியிருக்காங்க” என்றான்.

பிறகு முதுகைச் சுவரில் சாய்த்து, அங்கேயே, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான். நான் ஒலியைக் குறைத்தேன். மறுநாள் காலை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மூலை மேஜைக்குப் போனான். அங்கே அவன் கிளப்பிவிட்ட பெட்டிகளில் இன்னும் பாதி பிரிக்காமல் கிடந்தன.